நிறைசூலியும் மாநகரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நகரமும் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். அது கடல் போன்ற பொருள். கடலைக் குடிக்க இயலாதவள் கரையில் நின்று கால் நனைப்பது போல, அதன் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கருவுற்ற பெண்ணொருத்தி சென்னை போன்றதொரு பெருநகரில் வேடிக்கை பார்க்கப் புறப்படுகிறாள். மருத்துவமனைக்கு அன்று, நேர்த்திக்கடனுக்காகக் கோவிலுக்கும் அன்று. மனம் விரும்பியது என்ற ஒரே காரணத்துக்காகப் புறப்படுகிறாள். அப்போது நகரம் அவளை எவ்வாறு எதிர்கொள்கிறது, நம் கவிதை அவளை எவ்வாறு எதிர்கொண்டிருக்கிறது என்பதே என் பேச்சு.

பொருள் சிறியது என்று சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். காதலியின் நடையைப் பற்றி இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக எத்தனை கவிதைகள் படிக்கப்பட்டன என்று எண்ணிப் பார்த்தால், ஏழாம் மாதத்து நடைக்கு அரை மணி ஒதுக்குவது மிகையாகாது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். சூலி, நிறைசூலி, பிள்ளைத்தாய்ச்சி என்பன ஒருவகை. முழுகாமல் இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள், வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்பன மற்றொரு வகை. இவற்றுள் கடைசி வழக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது, நேர்மையானதும் கூட. ஆயினும் கவனியுங்கள். வாய் உண்டு, வயிறு உண்டு, கால் இல்லை. எல்லாச் சொற்களும் 'இருக்கிறாள்' என்றே முடிகின்றன. 'போகிறாள்' என்று முடிவதாக ஒன்றும் என் நினைவுக்கு எட்டவில்லை.

சங்கப் பாட்டிலும் இந்த அசையாமை உண்டு. குறுந்தொகை 287ஆம் பாட்டைப் பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார், பெண்பாற் புலவர். நீரைச் சுமந்து மேலேற மாட்டாமல் தவிக்கும் கார்மேகத்துக்குப் பன்னிரு திங்கள் கருவைச் சுமந்து, பச்சைப் புளியின் மேல் ஆசை கொண்டு, நடக்க இயலாமல் தளர்ந்த மகளிரை அவர் உவமை காட்டுகிறார். உவமையின் நயத்தை வகுப்பறைகளில் போதுமான அளவு பாராட்டிவிட்டோம். நான் பார்ப்பது அதன் கால்களை. அந்தப் பெண்கள் நடக்கவில்லை. அவர்களுக்காக மேகம் நடக்கிறது.

புறநானூற்று 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேரமன்னனைப் புகழும்போது, அவனது நாட்டு மண்ணைச் சூல்கொண்ட மகளிர் ஆசைப்பட்டு உண்பார்களே அல்லாமல் பகைவர் உண்ண மாட்டார் என்கிறார். மன்னனைப் புகழ வந்தவர், போகிற போக்கில், மண் தின்னும் மசக்கைக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடைய ஆவணத்தை நமக்கு விட்டுச் சென்றார். இந்த ஆசைக்கு 'வயா' என்று பெயர். தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லுக்கு வேட்கையின் பெருக்கம் என்றே பொருள் சொல்கிறார். உணவு வேட்கை என்று அவர் குறுக்கவில்லை. அதைப் புளியாகவும் மாங்காயாகவும் சாம்பலாகவும் குறுக்கியவர்கள் பின்வந்த நாம். கருவுற்றவளுக்கு எதையாவது தின்ன வேண்டும் என்று தோன்றினால் வீடே ஓடுகிறது. எங்காவது போக வேண்டும் என்று தோன்றினால், "இந்த நேரத்திலயா?" என்று அதே வீடு கேட்கிறது.

ஆனால் சங்க இலக்கியத்திலேயே நடக்கிற சூலிகள் ஓரிடத்தில் வருகிறார்கள். அதுவும் நகரத்தில், அதுவும் இரவில். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் ஒரு நாளை நாழிகை நாழிகையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். பகற்கடை, இரவுக்கடை, கள், பூ, யானை, கொடி எல்லாம் சொல்லி, இருள் கவிந்த பின் யாழும் முழவும் சிறுபறையும் ஒலிக்க, விளக்குகள் முன்னே செல்ல, படையல் ஏந்தி மயில் போல மெல்ல மெல்ல நடந்து, முதிர்ந்த சூல்கொண்ட மகளிர் தெய்வத்தைத் தொழப் போகிறார்கள் என்கிறார். போவது வழிபாட்டுக்குத்தான்; மறுக்கவில்லை. ஆனாலும் இசையும் விளக்கும் கூட்டமுமாகத் தெருவில் இறங்கிய அந்தப் பெண்கள், அல்லங்காடியின் வெளிச்சத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டா போயிருப்பார்கள்? நன்னாகையாரின் சூலி நடக்க மாட்டாதவள். மருதனாரின் சூலி மயில்நடை நடப்பவள். வேறுபாடு உடலில் இல்லை, ஊரில் இருக்கிறது என்பது என் கருத்து. மதுரையின் தெரு அவளுக்கு விளக்கும் துணையும் கொடுத்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே போகக் கூடாது, போனால் தலையில் வேப்பிலை செருகிக்கொண்டு போக வேண்டும் என்று பின்னாளில் நம் பாட்டிமார் சொன்னார்கள். அவர்களைப் பழிக்க மாட்டேன். தெருவிளக்கு இல்லாத ஊரில், பாம்பும் பள்ளமும் உள்ள பாதையில், அது பாதுகாப்பு விதி. விளக்கு வந்த பிறகும் விதி போகவில்லை என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு கசப்பான கதையை நினைவூட்டியாக வேண்டும். கம்பர் முடிசூட்டு விழாவோடு தம் காவியத்தை நிறுத்திக்கொண்டதால் அவரிடம் இப்பகுதி இல்லை. வான்மீகத்தின் உத்தரகாண்டத்தில் இருக்கிறது. சீதை கருவுற்றிருக்கிறாள். உன் ஆசை என்ன என்று இராமன் கேட்கிறான். கங்கைக் கரையில் முனிவர்கள் வாழும் தவச்சோலைகளைப் பார்க்க வேண்டும், ஓர் இரவேனும் அங்கே தங்க வேண்டும் என்கிறாள். புளி கேட்கவில்லை, மண் கேட்கவில்லை. ஓர் உலா கேட்டாள். அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுக்கிறான். அதற்குள் ஊர்ப்பேச்சு அவன் காதுக்கு எட்டுகிறது. மறுநாள் காலை இலக்குவன் தேர் கொண்டுவருகிறான். தன் ஆசை நிறைவேறப் போகிறதென்று மகிழ்ந்து, முனிவர்களின் மனைவியருக்குக் கொடுக்க ஆடைகளும் அணிகளும் எடுத்துக்கொண்டு அவள் ஏறுகிறாள். அந்தத் தேர் அவளைக் காட்டில் விட்டுவிட்டுத் திரும்புகிறது.

அக்கினிப் பிரவேசத்தைப் பற்றித் தமிழில் நிறையப் பேசினோம், நிறைய எழுதினோம். கருவுற்ற பெண்ணின் வெளியூர் ஆசையையே அவளைத் துரத்தும் வழியாகப் பயன்படுத்திய இந்தத் தேர்ப்பயணத்தைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. பரிசுக்காக எடுத்துவைத்த அந்த ஆடைகள் என்ன ஆயின என்று ஒரு கவிஞராவது கேட்டிருக்கலாம்.

இனி சென்னைக்கு வருகிறேன். இந்நகரில் இரண்டு பிள்ளைகளைச் சுமந்தவள் என்ற உரிமையோடு பேசுகிறேன்.

திருவல்லிக்கேணியில் கடற்கரைக்கு மிக அருகில் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இருக்கிறது. முதியவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் இன்றளவும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். 1885இல் தோன்றியது. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் மாணவியருள் ஒருவர், அது அமையக் காரணமாக இருந்தார். கோஷா என்றால் திரைமறைவு. வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்கென்று, ஆண் மருத்துவர் தொட ஒப்பாத குடும்பத்துப் பெண்களுக்கென்று கட்டப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1884இல், ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரை ஓரமாக உலாவும் சாலையை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரும் இட்டார். ஒரு புறம் நகரத்தார் உலவுவதற்கென்று ஒரு சாலை. நடந்து போகும் தொலைவில், உலவாத பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேளையில் பிறந்தன. அந்நாளில் திரையிட்ட வண்டியில் வந்து திரையிட்ட வண்டியில் திரும்பிய நிறைமாதக்காரி ஒருத்தி, அலையோசையை மட்டும் கேட்டுக்கொண்டு போயிருப்பாள். அவளைப் பற்றி எழுத விரும்பும் கவிஞருக்கு நான் அந்தத் தெருவைக் காட்டித் தருகிறேன்.

இன்று அதே மருத்துவமனையில் மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்த பெண்கள், சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்த கையோடு கடற்கரைக்கு நடப்பதைக் காணலாம். கூட மாமியாரோ நாத்தனாரோ வந்திருப்பார். "வந்தது வந்தோம், ரெண்டு நிமிஷம் காத்து வாங்கிட்டுப் போலாம் அத்தே" என்று சொல்லும் குரலில் பாதி கெஞ்சல், பாதி துணிவு. வெறும் கடற்கரைக்கு என்று கேட்டால் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியின் ஒட்டாகக் கேட்டால் விட்டுவிடுவார்கள். நம் பெண்களின் உல்லாசம் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு கடமையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது.

சாலையில் இறங்கியதும் கண்ணில் படுவன சிலைகள். 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுத்தப்பட்ட அந்த வரிசையில் பெண்கள் இருவர்: ஔவையார், கண்ணகி. கண்ணகி சிலை 2001இல் அகற்றப்பட்டு 2006இல் மீண்டும் நிறுவப்பட்ட வரலாறு உங்களுக்குத் தெரியும். ஒருத்தி இளமையை வேண்டாமென்று முதுமையை வேண்டிப் பெற்றதாகக் கதை; மற்றொருத்தி பிள்ளை பெறாமலே கணவனை இழந்தவள். இருவருமே கருவுறாதவர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் எட்டாம் மாதத்தில் இடுப்பைப் பிடித்தபடி அவர்களைக் கடந்து போகிறவளுக்கு, இந்தக் கற்கூட்டத்தில் தன் உறவு யாருமில்லை என்று தோன்றினால் குற்றமில்லை.

சாலையைக் கடந்தால் மணல். துறைமுகம் கட்டுவதற்கு முன் கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. 1870களில் துறைமுகப் பணி தொடங்கி, வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் சுவர் தடுத்ததால், தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகன்ற கரை உண்டாயிற்று. சாலையிலிருந்து அலைக்கு ஏறத்தாழ 300 மீட்டர். நமக்கு அது அழகு. நிறைமாதக்காரிக்கு அது முந்நூறு மீட்டர் மணல். ஒவ்வோர் அடியிலும் கால் புதையும். புதைந்த காலை எடுக்க இடுப்பு வலிக்கும். முன்பாரம் முன்னே இழுக்கும். செருப்பைக் கையில் எடுத்தால் நடை எளிது, குனிந்து எடுப்பதுதான் அரிது. பாதி வழியில் அவள் நின்று கடலைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். மூச்சு வாங்குகிறாள் என்பது கூட வந்தவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்.

2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத் திறனாளிகளுக்கென்று மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 260 மீட்டர் நீளம். அலைக்கு அருகில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. பின்னர் சீர் செய்தார்கள். அது சக்கர நாற்காலிக்காரர்களும் முதியவர்களும் போராடிப் பெற்ற பாதை. ஆனாலும் மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பாதத்தைத் தட்டையாக வைத்து, வாத்து நடையாக வரும் பெண்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். யாருக்காகவோ போட்ட பாதை வேறொருத்தியைக் கடலுக்குக் கொண்டுசேர்ப்பதை நான் அங்கே கண்டேன். இதைவிட நல்ல செய்யுளை இந்நகரம் அண்மையில் இயற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலைப் பற்றிச் சொல்லாமல் போனால் அவை மன்னிக்காது. சுண்டல் விற்கும் சிறுவன் கூட்டத்தில் கருவுற்றவளைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்கிறான். "அக்கா, மாங்கா நெறைய போடறேன்க்கா" என்பான். காலையில் வீட்டில் இட்லி கண்டு குமட்டியவள் அங்கே இரண்டு பொட்டலம் தின்பாள். மிளகாய் பஜ்ஜிக்கும் ஆசை இருக்கும். நெஞ்செரிச்சலுக்கு அஞ்சிக் கணவன் கையிலிருந்து ஒரு கடி மட்டும் கடிப்பாள். கடற்கரையில் திறந்து வைத்து விற்கும் பண்டத்தைத் தின்னாதே என்று மருத்துவர் சொல்வார், சொல்வது சரியே. வெந்த சூடான பட்டாணிக்கு அவர்களில் சிலர் விலக்கு அளிப்பதுண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நகரத்தின் பெருங்கொடை என்ன என்று கேட்டால், முகமற்று இருக்கலாம் என்பதே என்று நவீன கவிஞர் பலர் சொல்வர். கூட்டத்தில் கரைந்துபோகும் சுகத்தைப் பற்றி நம் வட்டத்திலேயே பத்துக் கவிதைகளுக்குக் குறையாமல் வந்திருக்கின்றன. வயிறு வெளியே தெரிந்த நாள் முதல் அந்தக் கொடை பெண்ணிடமிருந்து பறிக்கப்பட்டுவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத அம்மாள் கேட்பார்: "எத்தனாவது மாசம் கண்ணு?" பதில் சொன்னால் அடுத்தது: "வயிறு கூம்பியிருக்கு, ஆம்பளப் புள்ளதான்." பக்கத்தில் நிற்பவர் மறுப்பார்: "மொகம் தெளிவா இருக்கே, பொண்ணு." பிறகு அவர்களுக்குள் வழக்கு நடக்கும். நடுவில் நிற்பவளுக்கு அந்த வழக்கில் வாக்குரிமை கிடையாது. எரிச்சல் தருவதுதான். ஆனால் கணவன் இரவுப் பணியிலும் தாய் நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்க, ஒற்றை அறைக் குடித்தனத்தில் நாள் முழுதும் பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு, அந்த அரை மணியில் ஒரு கிராமமே திரும்பக் கிடைத்துவிடுகிறது. இந்த இரண்டும் ஒரே வேளையில் உண்மை. இரண்டையும் ஒரே கவிதையில் எழுதியவரை இனித்தான் பார்க்க வேண்டும்.

பேருந்தைப் பற்றி. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டு எழுதுகிறார்கள், தேவையான கணக்குத்தான். அதில் வராத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் பெண், ஐந்தாம் மாதம், ஒருநாள் பிற்பகல் நல்ல புடைவை உடுத்திக்கொண்டு வந்தாள். எங்கே போய்வந்தாய் என்றேன். "திருவான்மியூர் வரைக்கும் போயி, எறங்காம அதே வண்டியில திரும்பிட்டேன்க்கா." என்ன வேலையாக? "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல. ஜன்னலாண்ட எடம் கெடச்சுது. காத்து நல்லா வந்துது." யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை என்றவுடன் அவள் எடுத்துக்கொண்டது இது. காரணமில்லாத பயணம். செல்வர்களும் கவிஞர்களும் மட்டுமே செய்துவந்த காரியம் அது.

உயரமான படிகள் கொண்ட பேருந்தில் ஏறுவது எட்டாம் மாதத்தில் மலையேற்றம். 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கின்றன. 1995இல் வந்த பறக்கும் ரயிலின் நிலையங்கள் மாடி உயரத்தில் நிற்கின்றன. அந்தப் படிகளை நினைத்தே பலர் திரும்பிவிடுவதுண்டு. 2015இல் தொடங்கிய மெட்ரோவில் மின்தூக்கியும் குளிர்ச்சியும் உண்டு, கட்டணமும் உண்டு.

வேலைக்குப் போகிறவளுக்கோ உலாவ நேரமே இல்லை. பேறுகாலப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பு வந்தது; அதில் பேற்றுக்கு முன் எடுக்கக்கூடியது 8 வாரம் வரை. ஆனால் முன்னே எடுத்த ஒவ்வொரு வாரமும் பிள்ளையோடு இருக்கும் வாரங்களிலிருந்து கழிகிறது. ஆகவே வலி எடுக்கும் நாள் வரை அலுவலகம் போகிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலுழைப்பு வேண்டும், அது கருவுற்ற நலமான பெண்களுக்கும் பொருந்தும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. அந்த நிமிடங்களை நம் பெண்கள் பேருந்து நிறுத்தத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையிலேயே நடந்து தீர்த்துவிடுகிறார்கள்.

பொழுதுபோக்கு இடங்களுக்கு வருவோம். தைப்பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் பொருட்காட்சி நடக்கும். முகத்தை மறைக்கும் அளவு பெரிய டெல்லி அப்பளம், மிளகாய்ப்பொடி தூவியது, அங்கே இலக்கணம். ராட்டினத்தடியில் பலகை இருக்கும்: இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது. நியாயமான பலகை, அதோடு எனக்குச் சண்டையில்லை. அதனால் குடும்பம் முழுவதும் மேலே போய்விட, கீழே ஒருத்தி நிற்பாள். ஐந்து பேருடைய செருப்பு, மூன்று கைப்பை, ஒரு தண்ணீர்ப் புட்டி, பாதி தின்ற பஞ்சுமிட்டாய் எல்லாம் அவள் பொறுப்பில். மேலேயிருந்து கூவுவார்கள், அண்ணாந்து சிரித்துக் கையசைப்பாள். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்திருப்பாள். அவள் முகத்தில் விளக்குகள் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி விழும். கீழே நிற்பவளுக்கும் ஒரு காட்சி கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை எழுதுவதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நம்மில் போகாதவர் யார்? நிறைமாதத்தில் போய்ப் பார்த்தவர் சிலரே. எந்தப் புத்தகக் காட்சியிலும் பல நூறு கடைகள் உண்டு, உட்கார இடம் அரிது. கால் வீங்கிய பெண், புரட்டுவது போல ஒரு கடையின் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நல்ல பதிப்பாளராக இருந்தால் தம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, அப்புறம் பாக்கலாம்" என்பார். கவிதை நூல் விற்கும் கடைகளில் கூட்டம் குறைவாதலால் அங்கே இந்த வாய்ப்பு அதிகம். நம் உறுப்பினர்களின் தொகுப்புகள் சில அவ்வாறே விலை போயிருக்கக் கூடும்.

நாற்காலி உறுதியாகக் கிடைக்கும் ஒரே உல்லாசம் மார்கழிக் கச்சேரி. பல சபைகளில் பகல் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை, போதாதற்குச் சிற்றுண்டிச்சாலை. பெரியவர்களும் தடுக்க மாட்டார்கள். போய்வா என்று அனுப்பியே வைப்பார்கள். காரணம்தான் உறுத்துகிறது: "நல்ல சங்கீதம் கேட்டாப் புள்ளைக்கு நல்லது." ஆறாம் மாத வாக்கில் கருவுக்குச் செவிப்புலன் வருகிறது என்பது உண்மையே. பிரகலாதன் கருவிலிருந்தே நாரதரைக் கேட்டான், அபிமன்யு கருவிலிருந்தே சக்கர வியூகத்தைக் கேட்டான் என்று கதைகளும் உள. அபிமன்யு கதையில், கேட்டுக்கொண்டிருந்த சுபத்திரை பாதியில் கண்ணயர்ந்துவிட்டாள்; அதனால் மகனுக்கு வெளியே வரும் வழி தெரியாமல் போயிற்று என்பார்கள். எவ்வளவு பெரிய பழி! களைத்த கர்ப்பிணி ஒருத்தி போர்த்தந்திரத்தின் நடுவே தூங்கிவிட்டாள். அவள் தூங்கியதற்காக ஒரு பிள்ளையின் சாவை அவள் கணக்கில் எழுதிவைத்தோம். அவளுக்கு வேறு எதையாவது, அவளுக்குப் பிடித்த எதையாவது பேசியிருக்கலாமே என்று யாரும் அர்ச்சுனனைக் கேட்கவில்லை. சபையில் உட்கார்ந்திருப்பவளும் பிள்ளைக்காகத்தான் கேட்கிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். அவளுக்குத் தோடி பிடித்திருக்கலாம். சிற்றுண்டிச்சாலைக் கீரை வடை பிடித்திருக்கலாம்.

ஒரு பொருளைச் சொல்லக் கூச்சப்படுவேன் என்று எதிர்பார்த்தவர்களை ஏமாற்றுகிறேன். வளரும் கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. அரை மணிக்கு ஒருமுறை போக வேண்டும். நிறையத் தண்ணீர் குடி என்கிறார் மருத்துவர். வெளியே போகும் நாளில் முந்தைய இரவு முதலே குடிப்பதை நிறுத்துகிறாள் பெண். நீர்க்கடுப்பும் தொற்றும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அவள் மனத்தில் உள்ள சென்னை வரைபடம் நம்முடையது போன்றதன்று. தியாகராய நகரில் எந்தத் துணிக்கடையின் எந்த மாடியில் கழிப்பறை, எந்த ஓட்டலில் ஒரு காபி சொன்னால் முகம் கோணாமல் வழி காட்டுவார்கள், கடற்கரையில் எது பூட்டிக் கிடக்கும் என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு காபியின் விலைதான் கட்டணம். அந்தக் காபியைக் குடித்தால் மறுபடியும் போக வேண்டிவரும். பட்டினப்பாலை புகாரின் கடற்கரையில் மக்கள் கடலாடியதையும் பின் நன்னீரில் குளித்ததையும் சொல்கிறது. நம் காலத்துப் பட்டினத்தைப் பாட வருபவர் இந்த வரைபடத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைத்தமிழ் காப்புப் பருவத்தில், குழந்தைக்கு மூன்றாம் திங்களில் தொடங்குகிறது. அதற்கு முந்திய பத்துத் திங்களுக்குப் பருவம் இல்லை. தாலாட்டு உண்டு, வளைகாப்புப் பாட்டு உண்டு. இரண்டும் வீட்டுக்குள் பாடப்படுவன. உடலைப் பற்றி 2000க்குப் பின் பெண் கவிஞர்கள் எழுதியவை பல கதவுகளைத் திறந்தன. அம்பை 'பயணம்' என்ற பொதுத் தலைப்பில் பல கதைகள் எழுதினார். அந்த இரண்டும் சந்திக்கும் தெருமுனையில் நின்று காற்று வாங்கும் பெண் இன்னும் பெரிதும் எழுதப்படாமல்தான் இருக்கிறாள்.

இப்போது நம் வீட்டுக் கணக்கு. பத்தாண்டுகளில் நம் மாதக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வந்து கவிதை படித்த பெண்களில் எழுவர் பிள்ளைப்பேற்றை ஒட்டி நின்றுபோனார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஐந்தாம் ஆறாம் மாதத்தில் பெயர் மறைகிறது. திரும்பி வந்தவர் இருவர். மற்ற ஐவரும் எழுதுவதை விட்டுவிட்டார்களா, வருவதை மட்டும் விட்டார்களா என்று நாம் கேட்டறியவில்லை. நம் கூட்டம் இரண்டாம் மாடியில் நடக்கிறது. முப்பத்தெட்டுப் படிகள்; நடுவில் விளக்கில்லை. கழிப்பறைச் சாவி கீழே காவலாளியிடம். ஆறு மணிக்கு என்று அறிவித்து ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கிறோம். மடக்கு நாற்காலிகளுக்கு முதுகு சாயாது. இவற்றை யாரும் தீய எண்ணத்தில் செய்யவில்லை. வாடகை குறைவு என்பதற்காகச் செய்தோம். ஆனால் அந்த எழுவரில் ஒருவர் எழுதிய கடைசிக் கவிதை நம் மூன்றாம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். அதற்கடுத்த கவிதை என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

செயலாளரிடம் எழுத்து மூலம் ஒரு விண்ணப்பம் தந்திருக்கிறேன். வரும் மாதக் கூட்டத்தை மாடியில் வைக்காமல் கடற்கரையில், மரப்பாதை தொடங்கும் இடத்தருகே, மாலை நாலரை மணிக்கு வைக்க வேண்டும். ஆறரைக்குள் முடிக்க வேண்டும். இப்போது நம்மிடையே வாயும் வயிறுமாக இருக்கும் இருவரும் வர ஒப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கவிதை படிப்பதாகவும் சொல்லியிருக்கிறார். நின்றுபோன ஐவருக்கும் நானே கடிதம் எழுதுகிறேன். முதுகு சாயும் நாற்காலிகள் நான்கு எங்கள் வீட்டில் உள்ளன. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவர இரண்டு பேர் கை கொடுத்தால் போதும். சுண்டல் செலவு வட்டத்தினுடையது.